பேவர் பிளாக்கா, செப்டம்பர் கூலியா? ஊர்ப்புறத் தடங்களை அளக்கும் வழிகளும் பணம் தேடும் வழிகளும்

ஊசுட்டேரிக் கரை, பாகூர் ஏரிக்கரை, கடலூர் கேப்பர் மலைச் சரிவு, கெடிலம், தென்பெண்ணை ஆற்றங்கரைகள். இங்கெல்லாம் ஜனங்கள் நடந்து நடந்தே விழுந்த தடங்கள் இருக்கின்றன. காலை நடைக்கு வருகிறவர், பறவை பார்க்க வருகிறவர், வயலுக்குப் போகிறவர், ஆடு ஓட்டுகிறவர் எல்லாருக்கும் அதே ஒற்றையடிப் பாதைதான். சாலைப் பதிவேட்டில் இவற்றுக்குப் பெயர் இருக்காது. பெயர் இல்லாத பாதைக்குப் பராமரிப்புத் தலைப்பில் பணமும் வராது.

பெருமழை வந்தால்தான் இவை நினைவுக்கு வருகின்றன. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணை வழியே கடலூரைச் சூழ்ந்தது. இப்படி ஒரு வெள்ளம் வடிந்தவுடன் ஊர்க்கூட்டத்தில் எழும் முதல் கோரிக்கை, ‘கரை முழுக்க பேவர் பிளாக் போடுங்கள்’ என்பது. கேட்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஏரிக்கரைத் தடத்துக்கும் செம்மண் தடத்துக்கும் பெரும்பாலும் அது பொருந்தாத தீர்வு. தடத்தைக் கெடுப்பது தண்ணீர். தண்ணீரை ஒதுக்கும் வேலை சிறியது, ஆனால் ஆண்டு தவறாமல், மழைக்கு முந்தைய செப்டம்பரில் கூலி கொடுத்துச் செய்ய வேண்டியது. எனவே எப்படி அளப்பது, யாரிடம் பணம் கேட்பது என்ற இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். அளக்கும் முறை தவறினால் கேட்கும் தொகையும் தவறும்.

நிலம் யாருடையது

டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும்; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். புதுச்சேரியில் ஏரிக்கரை என்றால் பொதுப்பணித்துறையின் நீர்ப்பாசனப் பிரிவு. ஊசுட்டேரிக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரி, மறு பகுதி விழுப்புரம் மாவட்டம். இரு பக்கமும் பறவைகள் சரணாலயம். ஆகவே அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் மம்முட்டி இறங்கக் கூடாது. பிச்சாவரம், தேங்காய்த்திட்டு போன்ற அலையாத்திப் பகுதிகள் 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன. அங்கே மண் கொட்டி மேடாக்குவது கூடவே கூடாது. அலையேற்றம் உள்ளே வந்து போகும் வழியை அடைத்தால் மரமே பட்டுப்போகும். அலையாத்திக்குள் நடக்க வேண்டுமென்றால் தூண் மேல் மரப்பலகை நடைமேடை ஒன்றே வழி. அதன் செலவு வேறு தரம், இந்தக் கட்டுரையில் அதைத் தொடவில்லை.

அளக்கும் வழிகள் மூன்று

கணக்குக்கு ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 6 கி.மீ.; அதில் 3.5 கி.மீ. ஏரிக்கரை, 2.5 கி.மீ. செம்மண் மேட்டுச் சரிவு.

முதல் வழி, முழுத் தடத்தையும் நடந்து குறை எழுதுவது. இரண்டு பேர், ஒரு 50 மீட்டர் டேப் அல்லது சக்கர அளவி, ஒரு நோட்டு. குறை தொடங்கும் தூரம், முடியும் தூரம், என்ன குறை, காரணம், செய்ய வேண்டியது, அளவு. 6 கி.மீ.க்கு ஒரு நாள் போதும். இதன் பலவீனம், ஆளுக்கு ஆள் கண் மாறும் என்பது. ஒருவருக்குப் பள்ளமாகத் தெரிவது இன்னொருவருக்குச் சாதாரணமாகத் தெரியும். அதனால் கிளம்பும் முன்பே எண்ணால் வரையறுத்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ.க்கு மேல் ஆழமும் 3 மீட்டருக்கு மேல் நீளமும் இருந்தால் பள்ளம். மழை விட்டு 24 மணி நேரம் ஆகியும் தண்ணீர் நின்றால் தேக்கம். 1.2 மீட்டர் இருக்க வேண்டிய தடம் 2.4 மீட்டரைத் தாண்டினால் அகலிப்பு. முள் 8 அடி உயரத்துக்குள் தடத்தின் மேல் நீட்டினால் வெட்ட வேண்டியது.

நோட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தை வெறுமையாக விடவே கூடாது. பள்ளம் இருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் பள்ளம்தான் தெரியும். 30 மீட்டர் மேலேறிப் போனால், பக்கத்துக் கொல்லையின் வரப்பு உடைந்து மொத்தத் தண்ணீரும் தடத்துக்குள் இறங்குவது தெரியும். அந்த வரப்பை அரை மணி நேரத்தில் அடைக்கலாம். அடைக்காமல் பள்ளத்தை மட்டும் நிரப்பினால் அடுத்த ஐப்பசியில் அதே பள்ளம், அதே இடத்தில்.

இரண்டாவது வழி, மாதிரிப் புள்ளி முறை. 100 மீட்டருக்கு ஒரு இடத்தில் நின்று அளப்பது. தொடக்கப் புள்ளியைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். 37 வந்தால் 37, 137, 237 என்று போகவேண்டியதுதான். நமக்குப் பிடித்த இடத்தில் நின்றால் கணக்கு நம் விருப்பத்துக்கு வளையும். 6 கி.மீ.க்கு 60 புள்ளிகள். புள்ளிக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம், அதாவது இரண்டு நாள். ஒவ்வொன்றிலும் தடத்தின் அகலம், நடுப்பள்ளத்தின் அதிக ஆழம், தடத்தின் சரிவு, பக்கத்து நிலத்தின் சரிவு ஆகிய நான்கையும் எழுதுகிறோம். இதன் பலம், இந்த ஆண்டையும் மூன்று ஆண்டு கழித்து வரும் அளவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம் என்பது. பலவீனமும் பெரிது: 5 மீட்டர் நீளமுள்ள ஒரு உடைப்பு, 100 மீட்டர் இடைவெளிப் புள்ளியில் அகப்பட 20-இல் 1 வாய்ப்புதான். நாளையே ஆள் விழக்கூடிய இடத்தை இந்த முறை விட்டுவிடலாம்.

மூன்றாவது, செல்போன் படம். வாட்ஸ்ஆப் குழுவில் யார் வேண்டுமானாலும் போடலாம், செலவே இல்லை. மரம் விழுந்தது, கரை அரித்தது போன்ற அவசரத்துக்கு மிக நல்லது. ஆண்டுக் கணக்குக்கு உதவாது. யாரும் நடக்காத பக்கத்திலிருந்து படம் வராது. அதனால் அந்தப் பக்கம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ட்ரோன் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. பறவைகள் கூடும் ஏரியில் அதை எண்ணவே வேண்டாம். மரநிழல் தடத்தில் மேலிருந்து எதுவும் தெரியாது.

எங்கள் முடிவு, முதல் இரண்டு வழிகளையும் வெவ்வேறு காலக்கெடுவில் செய்வது. முழுநடை ஆண்டுக்கு ஒருமுறை; புள்ளி அளவு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் செம்மண் பகுதியில் மட்டும். ஏரிக்கரையில் புள்ளி அளவு செய்து பெரிய பயன் இல்லை. அங்கே தடம் மெல்லத் தேய்வதில்லை, உடைந்தால் ஓரிடத்தில் உடையும்.

அளக்கும் மாதமும் முக்கியம். நம் பக்கத்து மழை வடகிழக்குப் பருவமழை. அது முடிந்த ஜனவரியில் அரிப்பின் தழும்பு புதிதாக இருக்கும், தண்ணீர் எந்த வழியில் ஓடியது என்பது மண்ணிலேயே வரைந்தாற்போல் தெரியும். மே மாதம் அளந்தால் காற்றும் புழுதியும் எல்லாவற்றையும் மூடியிருக்கும்.

ஒரு புள்ளியைக் கிட்டே நின்று பார்ப்போம்

செம்மண் சரிவில் ஒரு புள்ளி. தடத்தின் இரு ஓரத்திலும், யாரும் மிதிக்காத கெட்டி மண்ணில், ஆளுக்கொரு முளை அடிக்கிறோம். கொத்தனார் நூலை இரண்டுக்கும் நடுவே தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுகிறோம். இந்த நூல்தான் பழைய நிலமட்டம். இடது முளையிலிருந்து 20 செ.மீ.க்கு ஒருமுறை இரும்பு ஸ்கேலை நேராக நிறுத்தி, நூலிலிருந்து தரை வரை ஆழம் பார்க்கிறோம். 0, 4, 9, 12, 7, 3, 0 என்று வருகிறது. இரு முனையும் பூஜ்யம் என்பதால் கணக்கு எளிது: ஆழங்களைக் கூட்டினால் 35, 20-ஆல் பெருக்கினால் 700 சதுர செ.மீ. இது 0.07 சதுர மீட்டர். இந்தப் புள்ளி 100 மீட்டர் தடத்துக்குப் பிரதிநிதி என்றால், அந்த 100 மீட்டரில் போன மண் 7 கன மீட்டர்.

100 கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கன மீட்டர். ஆக, போனது ஏறத்தாழ இரண்டரை யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் முக்கால் லோடுக்கு மேல். ‘பாதை அரித்துப் போய்விட்டது’ என்று எழுதும் மனுவுக்கும், ‘100 மீட்டரில் இரண்டரை யூனிட் மண் போயிருக்கிறது’ என்று எழுதும் மனுவுக்கும் ஓவர்சியர் தரும் கவனம் வேறுவேறு. இரண்டாவதை அவர் அளவுப் புத்தகத்தில் அப்படியே ஏற்றலாம்.

ஒன்றில் பலர் தவறுகிறார்கள். அடுத்த முறை அதே புள்ளிக்குத் திரும்ப செல்போன் ஜிபிஎஸ்ஸை நம்புகிறார்கள். திறந்தவெளியிலேயே அது நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். நாலு மீட்டர் தள்ளினால் 12 செ.மீ. பள்ளம் 5 செ.மீ. ஆகிவிடும், தடம் தானாகத் தேறிவிட்டது என்று தப்புக் கணக்கு வரும். மதகு, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), மைல்கல் போன்ற அசையாத அடையாளத்திலிருந்து டேப்பால் தூரம் எழுதிவையுங்கள்.

செம்மண்ணுக்கு ஒன்று, ஏரிக்கரைக்கு வேறு

செம்மண் தடத்தின் முதல் நோய், தடம் நேராகச் சரிவோடு இறங்குவது. தடத்தின் சரிவு, பக்கத்து நிலச் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது தடம் போடுகிறவர்களின் அடிப்படை விதி. நிலம் 12 விழுக்காடு சரிந்தால் தடம் 6 விழுக்காட்டுக்குள். மீறினால் தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடக்காது, தடத்தையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். கேப்பர் மலை போன்ற இடங்களில் மேடு அதிகம் இல்லை என்பதால் இந்த விதி தேவையில்லை என்று நினைப்பது தவறு. நிலத்தின் சாய்வு குறைவாக இருக்கும் இடத்தில்தான் பாதி விதி எளிதாக மீறப்படும்.

இருக்கும் தடத்தை மாற்ற இடமில்லையென்றால் குறுக்குத் தாழ்வு வெட்டலாம். தடத்தின் குறுக்கே, 30 முதல் 45 பாகை சாய்வாக, 15–20 செ.மீ. ஆழத்தில் 3 மீட்டர் நீளத்துக்கு மெல்லச் சரிந்து இறங்கும் பள்ளம். எடுத்த மண்ணை உடனே கீழ்ப்பக்கத்தில் அதே உயரத்துக்கு மேடாகக் கட்டி இறுக்குவது. வெளிவாய் 60 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாயில் கொஞ்சம் கல் பரப்பினால் அங்கே புதுப் பள்ளம் விழாது. 5 விழுக்காடு சரிவில் 40 மீட்டருக்கு ஒன்று, 10 விழுக்காட்டில் 25 மீட்டருக்கு ஒன்று போடலாம். நம் செம்மண்ணில் மணல் பங்கு அதிகமாக இருந்தால் இன்னும் நெருக்கமாகப் போடுங்கள்.

கட்டையைக் குறுக்கே பதிக்கும் முறையும் உண்டு. இங்கே சவுக்குக் கழி மலிவாகக் கிடைப்பதால் பலர் அதைத்தான் போடுகிறார்கள். கறையான் இரண்டு மூன்று மழைக்குள் தின்றுவிடும். பாதி மக்கிய கட்டைக்கு அடியில் தண்ணீர் நுழைந்து இரட்டிப்பாக அரிக்கும். போடுவதானால் பனங்கட்டை, இல்லையென்றால் செம்புறாங்கல். கட்டையைத் தடத்துக்குச் செங்குத்தாகப் போடுவது இன்னொரு வழக்கமான தவறு. வண்டல் தங்கி ஒரே மழையில் நிரம்பிவிடும், அடுத்த மழை அதன் மேலேறி ஓடும்.

பள்ளத்தின் ஓரச் சரிவில் வெட்டிவேர் நடலாம். கடலூர்க் கடலோரத்தில் அது பயிராகவே விளைவதால் நாற்றுக்கு அலைய வேண்டாம். 15 செ.மீ. இடைவெளி, சரிவுக்குக் குறுக்கே ஒரே வரிசை. 10 மீட்டருக்கு ஏறத்தாழ 67 தூர்கள். முதல் மழையை ஒட்டி நட்டால் பருவமழைக்குள் வேர் பிடிக்கும். வேருக்கு விலை இருப்பதால் யாராவது தோண்டிக்கொண்டு போகும் ஆபத்தும் உண்டு. இதை ஊரில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஏரிக்கரைக்கு மேலே சொன்ன குறுக்குத் தாழ்வு ஆகவே ஆகாது. கரையின் உச்சியை 15 செ.மீ. வெட்டினால் அவ்வளவும் வெள்ளத்துக்கு விட்டுக்கொடுத்த உயரம். அங்கே செய்ய வேண்டியது உச்சி முழுவதையும் நீர்ப்பக்கமாக 2–3 விழுக்காடு சாய்ப்பது. 2 மீட்டர் அகலக் கரை என்றால் 4–6 செ.மீ. நீர்ப்பக்கச் சரிவில் கல் பதித்திருக்கும், தாங்கும். வயல்பக்கம் வெறும் மண். அந்தப் பக்கம் தண்ணீரை விட்டால் கரையின் முதுகே அரியும்.

கரையில் நடக்கும்போது எலி வளை, நண்டு வளை, வயல்பக்க ஈரம் மூன்றையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இது பாதைப் பிரச்சினை அல்ல, ஏரியின் உயிர்ப் பிரச்சினை. கசிவு நீர் தெளிவாக இருந்தால் குறித்துவைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். அன்றைக்கே துறைக்குச் சொல்லிவிட வேண்டும். வளையை நாமே மேலாக மண் போட்டு மூடுவது நல்லதல்ல. வாய் மூடியிருக்கும், உள்ளே குழல் அப்படியே இருக்கும்.

பேவர் பிளாக் பற்றிய எங்கள் மறுப்புக்குக் காரணமும் இதுதான். கரையில் கான்கிரீட்டோ பிளாக்கோ போட்டால் அதன் அடியில் நடக்கும் எதுவும் தெரியாது. மண் இறங்கினால் பிளாக் பாலம் போல நிற்கும், ஒருநாள் சரியும். செம்மண் சரிவிலோ, ஓரக்கல்லுக்கு வெளியே ஓடும் தண்ணீர் அடிமணலை இழுத்துக்கொண்டு போகும். ஓரம் சாய்ந்தால் வரிசை வரிசையாகக் கழலும். மதகு ஓரம், கோயில் முகப்பு, சக்கர நாற்காலி வர வேண்டிய நுழைவு போன்ற 20–30 மீட்டருக்குப் போடலாம். அங்கே அது நியாயமான தேவை.

தேங்கிய சேற்றில் ஜல்லி கொட்டுவதும் பணத்தைப் புதைப்பதுதான். முதலில் தண்ணீருக்கு வழி. வழி விட்டபின் 20 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனத்துக்குக் கிராவல் போட்டால் 2.4 கன மீட்டர். இறுகுவதற்கு கால் பங்கு சேர்த்தால் 3 கன மீட்டர், அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல். கைப்பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த ஈரத்தில் இடித்தால்தான் இறுகும். ஜனவரி, பிப்ரவரி மண்ணில் அந்த ஈரம் தானாகவே இருக்கும். மே மாதத்தில் செய்தால் தண்ணீர் டேங்கருக்குத் தனிச் செலவு.

சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டுத் தூரை விட்டால் அடுத்த ஆண்டு நாலு மடங்காகத் தழைக்கும். மேட்டுநிலத்தில் தூரோடு எடுங்கள். கரையில் ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் கரையே பிளக்கும். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு. வெட்டிய முள்ளைத் தடத்தில் விடாமல் அன்றே அகற்ற வேண்டும். செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும்.

எவ்வளவு பணம்

ஆண்டு வேலையின் கணக்கு இப்படி. இருவர் ஒரு நாளில் சுமார் 500 மீட்டர் முள் வெட்டலாம் என்று வைத்தால் 6 கி.மீ.க்கு 24 ஆள்நாள். தண்ணீர் தடத்தை விட்டு வெளியேறும் 20 நீர்ப்போக்கு வாய்களைத் தூர் எடுக்க, ஒன்றுக்கு இருவர் அரை மணி நேரம் என்றால், 3 ஆள்நாள். செப்டம்பரில் ஒருமுறை, முதல் பெருமழைக்குப் பின் ஒருமுறை என 6. மொத்தம் 30 ஆள்நாள். கூலி நாளுக்கு 700 ரூபாய் என்று வைத்தால் 21,000 ரூபாய். உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

அதே 6 கி.மீ.க்கு 1.2 மீட்டர் அகலத்தில் பேவர் பிளாக் என்றால் 7,200 சதுர மீட்டர். அடித்தளம், ஓரக்கல் சேர்த்து சதுர மீட்டருக்கு 900 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 64.8 லட்சம். இதில் சங்கடம் என்னவென்றால், 64.8 லட்சத்துக்குத் திட்டம் தேடினால் ஏதாவது ஒரு கதவு திறக்கும்; 21,000 ரூபாய்க்கு ஒரு கதவும் திறக்காது. புதிதாகக் கட்ட நிதி உண்டு, இருப்பதைக் காக்கத் தலைப்பு இல்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. அமெரிக்க வனத்துறையிடம் சுமார் 1,58,000 மைல் நடைத்தடம் இருந்தது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2013-இல் தந்த அறிக்கையின்படி அதில் கால்வாசிதான் துறையின் சொந்தத் தரத்தை எட்டியது. 2012 நிதியாண்டில் தள்ளிப்போட்ட பராமரிப்பின் மதிப்பு 31.4 கோடி டாலர். பணக்கார நாட்டிலும் ஆண்டு வேலையைத் தள்ளிப்போட்டதன் விலை அது.

பணம் தேடும் வழிகள்

நமக்கு நாமே திட்டம் கடலூர்ப் பக்கம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். ஒருமுறை வேலைக்கு, அதாவது பத்துப் பதினைந்து குறுக்குத் தாழ்வு, கிராவல், நுழைவுப் படி போன்றவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். ஆண்டுக் கூலிக்கு ஆகாது. இது தமிழ்நாட்டுத் திட்டம், புதுச்சேரிக்கு இல்லை.

நூறு நாள் வேலை பற்றி: 2005 சட்டம் வகுத்தது கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம். தட வேலையில் கூலியே பெரும்பங்கு என்பதால் இயல்பாகவே பொருந்தும். விதிகள் மாறக்கூடியவை, மதிப்பீடு போடும் முன் ஒன்றிய அலுவலகத்தில் நடப்பு விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் கெடும் இடம், மேற்பார்வை. ‘கரையைச் சுத்தம் செய்தல்’ என்று மட்டும் பணி எழுதினால் நூறு பேர் சேர்ந்து கரையின் புல்லையெல்லாம் செதுக்கி வழித்துவிடுவார்கள். புல்தான் கரையைப் பிடித்து வைத்திருப்பது. பணி விவரத்தில் ‘முள் மட்டும் வெட்டுதல், புல்லைச் செதுக்கக் கூடாது’ என்று எழுதி, நீர்ப்போக்கு வாய்களின் தூரத்தையும் பட்டியலாக இணைக்க வேண்டும்.

நிதி ஆணைய மானியம் ஊராட்சிக்கு வரும் பணம். பதினைந்தாவது ஆணையத்தின் 2021–26 ஒதுக்கீட்டில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டதாக இருந்தது. மிச்ச 40-இல்தான் தடம் போட்டியிட வேண்டியிருந்தது, தெருவிளக்கும் சாலையும் முன்னால் நின்றன. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் மத்திய நிதி ஆணையத்தின் வரம்புக்குள்ளேயே இல்லை. அதோடு 2011-க்குப் பிறகு அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சியும் இல்லாமல் போனது. தீர்மானம் போட மன்றம் இல்லாத ஊரில் புதுச்சேரியின் ஊராட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தின் ஆணையரிடமும் துறையிடமும் நேரே மனு கொடுப்பதுதான் வழி. மனுவோடு அளவு இருந்தால் பலம் கூடும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி: 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, வரம்புக்குள் வரும் நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடு செலவிட வேண்டும். நெய்வேலியும் சிப்காட்டும் உள்ள மாவட்டத்தில் கேட்க ஆள் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்ற தலைப்பில் தட வேலை இடம்பெறும். தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, இதை ‘தொடர் திட்டம்’ என்று பதிவு செய்தால் தொடங்கும் நிதியாண்டைத் தவிர மேலும் மூன்று ஆண்டு வரை செலவிடலாம். ஆகவே ஒரு திறப்பு விழாவுக்கு மட்டும் பணம் கேட்காமல், முதல் ஆண்டு சீரமைப்பு, அடுத்த மூன்று ஆண்டு பராமரிப்பு என்று கேளுங்கள். இரண்டு, 2021 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பணத்தை வைப்புநிதியாகப் போட்டு வட்டியில் நடத்த முடியாது. பணத்தை வாங்கும் அறக்கட்டளைக்கும் நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். ஊர் நற்பணி மன்றத்தின் பெயரில் காசோலை வராது.

நுழைவுக் கட்டணம்: 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களுக்கு இணையவழிக் கட்டணம் வைத்திருக்கிறது, கடலூர் அந்தப் பட்டியலில் இல்லை. மலைக்காட்டில் அது சரி. ஏரிக்கரையில் கட்டணம் கூடாது என்பது எங்கள் உறுதியான நிலை. வயலுக்குப் போகிறவரின் வழியில் சீட்டுக் கிழிப்பது அநியாயம். சரணாலய நுழைவு, வாகன நிறுத்தம் போன்றவற்றில் வசூலாகும் இடத்தில் கேட்க வேண்டியது வேறு: வசூலில் ஒரு பங்கு அந்த இடத்திலேயே செலவாக வேண்டும். அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் வசூலில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் அந்த இடத்துக்கே என்று வைத்தது. பொதுக் கணக்கில் கலந்த பணம் தடத்துக்குத் திரும்பி வருவது அரிது.

காடு அழிப்புக்கு ஈடாக வரும் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதி பெரும்பாலும் வனத்துறை நிலத்துக்குத்தான். உங்கள் தடம் அங்கே இல்லையென்றால் நேரம் செலவிட வேண்டாம்.

கடைசியாக, நாங்கள் அதிகம் நம்பும் வழி ஊரின் சொந்த வருமானம். மீன்பாசி குத்தகை (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை), புளியமரப் பலன் ஏலம், பனைமரக் குத்தகை. ஏரியால் வரும் பணத்தில் ஒரு சிறு பங்கு ஏரிக்கரைக்கு என்பதை யாரும் எளிதில் மறுக்க மாட்டார்கள். குடிகளே செய்யும் மராமத்து என்பதுதான் குடிமராமத்து என்ற சொல்லின் பொருளும். குத்தகைப் பணம் ஊராட்சிக் கணக்கில் வருகிறதா, துறைக்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். துறைக்குப் போனால் தீர்மானம் மட்டும் போதாது. புதுச்சேரியில் 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் தொடங்கிய ஏரிகள் சீரமைப்புத் திட்டத்தின்போது ஏரி பயன்படுத்துவோர் சங்கங்கள் உருவாயின. உங்கள் ஏரிக்கு அப்படி ஒரு சங்கம் இன்னும் இயங்கினால், புதிதாகக் குழு அமைக்காமல் அதன் கதவைத் தட்டுங்கள்.

ஊர்ப்பணத்தை வங்கியில் வைத்து வட்டியில் நடத்தலாமா? 6 விழுக்காடு வட்டி என்றால் 21,000 ரூபாய்க்கு 3.5 லட்சம் வைப்பு வேண்டும். கூலி ஆண்டுதோறும் ஏறும், வட்டி அப்படியே நிற்கும். ஐந்தாறு ஆண்டில் 30 ஆள்நாள் 22 ஆள்நாளாகச் சுருங்கும். வட்டியில் ஒரு பங்கைத் திரும்ப முதலில் சேர்த்தால்தான் தாங்கும். அப்படியென்றால் முதல் இன்னும் பெரிதாக வேண்டும்.

தன்னார்வலர் உழைப்பு இலவசம் அல்ல. 25 மாணவர் வந்தால் குறைந்தது மூன்று மேஸ்திரி, பத்து மம்முட்டி, நாலு கடப்பாரை, மண் அள்ளும் பாண்டு, கையுறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி வேண்டும். முள் வெட்ட அவர்களை விடக் கூடாது. நீர்ப்போக்கு வாய் தூர் எடுக்கவும், புள்ளி அளவு எடுக்கவும் மிக நன்றாகச் செய்வார்கள். பொறியியல் கல்லூரி சர்வே மாணவர்களுக்குப் புள்ளி அளவு நல்ல பயிற்சியும்கூட.

எந்தச் சேர்க்கை

கடலூர்ப் பக்கத்து ஊராட்சி என்றால்: ஆண்டு வேலைக்கு மீன்பாசி அல்லது மரப்பலன் பங்கு, முள் வெட்ட நூறு நாள் ஆட்கள், ஒருமுறைச் சீரமைப்புக்கு நமக்கு நாமே. புதுச்சேரி கொம்யூன் என்றால்: சீரமைப்பும் அடுத்த மூன்று ஆண்டுப் பராமரிப்பும் நிறுவன நிதியில், கரைப் பாதுகாப்பு வேலை பொதுப்பணித்துறையின் கணக்கில், நாலாவது ஆண்டிலிருந்து ஏரிச் சங்கம். இரண்டு இடத்திலும், பெரிய தொகை முதலில் வந்து ஆண்டுத் தொகைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை என்றால், பெரிய வேலையைத் தள்ளிவைப்பதே மேல். தூர் எடுக்க ஆள் இல்லாத குறுக்குத் தாழ்வு இரண்டே பருவத்தில் மண் நிரம்பிச் செத்துவிடும்.

நாள்காட்டி தமிழ்நாட்டுக்கு வசதியாகவே அமைந்திருக்கிறது. ஜனவரி முதல் இரண்டு வாரம் முழுநடை. ஜனவரி 26 கிராம சபையில் குறைப்பட்டியலும் மதிப்பீடும் வைத்துத் தீர்மானம். மண்ணில் ஈரம் இருக்கும் பிப்ரவரிக்குள் சிறு மண்வேலை. பெரிய வேலைக்கு அனுமதி வர மாதங்கள் ஆகும், அது அடுத்த ஜனவரிக்கு. ஆகஸ்ட் 15 கிராம சபையில் செப்டம்பர்க் கூலிக்குத் தீர்மானம். செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் எல்லா வாயும் திறந்திருக்க வேண்டும். நவம்பரில் முதல் பெருமழை விட்ட மறுநாள் குடையோடு ஒருவர் 6 கி.மீ. நடந்தால் போதும், எந்த வாய் அடைத்தது என்பது கண்ணுக்கே தெரியும். ஊசுட்டேரியில் அந்த மாதங்களில் வலசைப் பறவைகள் இருக்கும். நீர்விளிம்புக்கு இறங்காமல் கரை உச்சியோடு நின்றுகொள்ளுங்கள்.

மனுவோடு இணைக்க வேண்டியவை: நிலம் எந்தத் துறையுடையது என்ற சர்வே எண் விவரம், மதகிலிருந்து தூரம் குறித்த குறைப்பட்டியல், யூனிட் கணக்கில் மண் அளவு, பொதுப்பணித்துறை விலைப்பட்டியல்படி மதிப்பீடு, ஒவ்வொரு பெரிய குறைக்கும் ஒரு ஸ்கேல் தெரியும்படி எடுத்த படம், அத்துடன் ஆண்டுப் பராமரிப்பை யார் ஏற்கிறார்கள் என்ற ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தில் கையெழுத்தும் தொகையும் இரண்டும் இருக்க வேண்டும்.